பக்கத்து லேன்காரரின் டைமிங்

"அண்ணே, நூறு ஃப்ரீ என்ன டைமிங்?"

"ஒண்ணு பதினாறு."

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் கணக்குப் போடுகிறவர்கள் கடலூரிலும் இருக்கிறார்கள், புதுச்சேரியிலும் இருக்கிறார்கள். நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்கான அந்த 1:16 (ஒரு நிமிடம் 16 நொடி) எந்தக் குளத்தில் வந்தது? ஸ்டாப்வாட்ச் யார் கையில் இருந்தது? பிளாக்கிலிருந்து (தொடக்க மேடையிலிருந்து) குதித்தாரா, தண்ணீருக்குள் நின்று சுவரை உதைத்துக் கிளம்பினாரா? இதெல்லாம் தெரியாதவரை 1:16 என்பது வெறும் ஊர்ப்பேச்சு.

மாஸ்டர்ஸ் நீச்சலில், அதாவது பெரியவர்களுக்கான வயதுவாரிப் போட்டிகளில், போட்டியாளர் யார் என்பதே வருஷத்துக்கு வருஷம் மாறும். 25 வயதில் தொடங்கி ஐந்தைந்து வருடப் பிரிவுகள்: 25-29, 30-34 என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். உலக நீச்சல் அமைப்பான வேர்ல்ட் அக்வாட்டிக்ஸின் விதிப்படி, போட்டி நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31 அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. 1976 டிசம்பரில் பிறந்தவர் 2026 ஜனவரியிலேயே 50-54 பிரிவுக்கு வந்துவிடுவார், ஐம்பது முடிய இன்னும் பதினொரு மாதம் இருந்தாலும். ஆகவே பிறந்த வருஷம் மட்டும் போதும், தேதி தேவையில்லை. நம் தலைமுறையில் பலருக்குப் பிறந்தநாளை முடிவு செய்தது பள்ளியில் சேர்த்துக்கொண்ட தலைமையாசிரியர். அவர் அன்று கூட்டிப் போட்ட ஒரு வருஷம், இன்று ஒருவரை முன்கூட்டியே மேல் பிரிவுக்குத் தள்ளிப் பதக்கம் வாங்கித் தருகிறது. எல்லா அமைப்பும் இதே கணக்கை வைத்துக்கொள்வதில்லை. சுற்றறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கட்டணத்தை அல்ல, வயது கணக்கிடும் தேதியை.

ஒரே பிரிவுக்குள்ளும் 50 வயதுக்காரரும் 54 வயதுக்காரரும் ஒன்றல்ல. பிரிவில் புதிதாக நுழைந்தவருக்கு நாலு வருஷம் கையிருப்பு. அதனால் கூர்மையான ஆட்கள் பட்டியலில் நேரத்துக்குப் பக்கத்தில் பிறந்த வருஷத்தையும் எழுதி வைத்துக்கொள்வார்கள். அடுத்த ஆண்டு மேலே போகப்போகிறவர் யார், கீழிருந்து வரப்போகிறவர் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இனி குளம். 25 மீட்டர் நேரத்தையும் 50 மீட்டர் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் மிக அதிகமாக நடக்கிற தப்பு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் குளத்தில் பான் ஜான்லே 100 ஃப்ரீஸ்டைலை 46.40 நொடியில் முடித்தார். 2021இல் 25 மீட்டர் குளத்தில் கைல் சால்மர்ஸ் எடுத்தது 44.84. உச்சத்தில் இருக்கும் இருவருக்கே ஒன்றரை நொடிக்கு மேல் இடைவெளி. காரணம் சுவர். சின்னக் குளத்தில் நூறுக்கு மூன்று டர்ன் (சுவரில் உருண்டு திரும்புவது), பெரியதில் ஒன்றுதான். ஒவ்வொரு உதையும் கையால் நீந்தி எட்ட முடியாத வேகத்தைத் தரும். அந்த வேகத்தை டால்ஃபின் கிக்கால் (இரு காலையும் சேர்த்து அடிப்பதால்) 15 மீட்டர் வரை நீருக்கடியிலேயே காப்பாற்ற விதி இடம் தருகிறது.

அதே விகிதத்தை நமக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது. டர்ன் முடிந்து இரண்டு மீட்டரிலேயே மேலே வந்து மூச்சு வாங்குகிறவருக்குச் சின்னக் குளத்தில் பெரிய லாபம் கிடையாது. டர்ன் மோசமாக இருந்தால் நஷ்டம்கூட வரும். இணையத்தில் கிடைக்கும் மாற்று அட்டவணைகள் பெரும்பாலும் இளம் போட்டியாளர்களின் கால்களை நம்பிச் செய்தவை. ஐம்பத்தைந்து வயது முழங்காலுக்கு அவை பொருந்தாது. உங்களுக்கான மாற்று எண்ணை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்: இரண்டு வாரத்துக்குள், ஒரே மாதிரி ஓய்வோடு, இரண்டு அளவுக் குளத்திலும் ஒரே தூரத்தை முழு வேகத்தில் நீந்திப் பாருங்கள். கிடைக்கும் வித்தியாசம் உங்களுக்கு மட்டும் செல்லும், பக்கத்து லேன்காரருக்குச் செல்லாது.

அதற்கும் முன்னால், குளம் சொன்ன அளவில்தான் இருக்கிறதா? பயிற்சிக் குளங்கள், ஹோட்டல் குளங்கள், அடுக்குமாடிக் குளங்கள் பலவற்றை அடிக்கணக்கில் கட்டிவிட்டு மீட்டரில் பெயர் வைக்கிறார்கள். 82 அடி என்றால் 24.99 மீட்டர், கிட்டத்தட்டச் சரி. 80 அடி என்றால் 24.38 மீட்டர்தான். அதில் நாலு லேப் போட்டால் 97.5 மீட்டர். நொடிக்கு 1.25 மீட்டர் போகிறவருக்கு இரண்டு நொடி இனாம். 75 அடி என்றால் அது அமெரிக்காவின் 25 கெஜக் குளம், 22.86 மீட்டர். கொத்தனார் சரியாக 25 மீட்டர் விட்டிருந்தாலும், பிறகு பூச்சும் டைல்ஸும் இரு பக்கமும் ஏறி நாலைந்து சென்டிமீட்டரைச் சாப்பிட்டுவிடும். போட்டிக் குளத்துக்கான விதி இதில் கறாரானது: கொஞ்சம் கூடலாம், ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையக் கூடாது.

அளக்க 30 மீட்டர் ஸ்டீல் டேப் எடுங்கள். துணி டேப் இழுத்தால் நீளும், நனைந்தால் தொய்யும். லேசர் கருவியின் புள்ளி நம் ஊர் வெயிலில் கண்ணுக்கே தெரியாது. இரண்டு பேர், சுவருக்குச் சுவர், தண்ணீர் மட்டத்தில், டேப்பை விறைப்பாக இழுத்து மூன்று முறை அளக்க வேண்டும். குளக்கரைத் திட்டின் மேல் அளந்தால் விளிம்புக் கல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அளவும் சேர்ந்து குழப்பும்.

அடுத்தது கடிகாரம். டச்பேட் (கை பட்டதும் நேரத்தைப் பதியும் சுவர்ப் பலகை) இருக்கும் போட்டி வேறு, கையால் அமுக்கும் போட்டி வேறு. கையில் எடுக்கும் நேரம் பொதுவாகக் குறைவாகத்தான் விழும். சத்தம் கேட்டுக் கட்டைவிரல் அமுங்க நேரமாகிறது, ஆனால் முடிவில் கை சுவரைத் தொடப்போவது கண்ணுக்கு முன்பே தெரிவதால் தாமதமில்லாமல், சில சமயம் முந்திக்கொண்டே, அமுக்கிவிடுகிறோம். இந்த இரண்டும் சேர்ந்து 0.2 நொடி அளவுக்கு நீந்துபவருக்குச் சாதகம்.

50 மீட்டர் குளத்தில் 50 மீட்டர் போட்டி என்றால் இன்னும் ஒரு வேடிக்கை. கிளம்புவது ஒரு முனை, முடிவது எதிர் முனை. நேரம் எடுப்பவர் முடிவு முனையில் நிற்கிறார், சத்தம் 50 மீட்டர் தாண்டி வர வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும், ஆகவே வாட்ச் 0.14 நொடி தாமதமாகத்தான் ஓடத் தொடங்கும். ஸ்டார்ட்டர் கருவியில் மின்னும் விளக்கு இருந்தால் அதைப் பார்த்து அமுக்குவதே சரி. வெறும் விசில் என்றால் அந்த 0.14 எல்லா லேனுக்கும் இனாம். அன்றைய பந்தயத்துக்குள் அது யாரையும் பாதிக்காது, வேறு ஊர் டைமிங்கோடு ஒப்பிடும்போதுதான் வம்பு.

மூன்று வாட்ச் இருந்தால் நடு நேரம், இரண்டு ஒத்துப்போனால் அந்த நேரம், இரண்டே வாட்ச் வேலை செய்திருந்தால் சராசரி. ஒரே ஒரு தன்னார்வலர் ஒரே ஒரு செல்போனில் எடுத்த நேரத்துக்குப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வருவதே அலங்காரம். அப்படிப்பட்ட இரண்டு நேரங்களுக்கிடையே 0.3 நொடிக்குள் உள்ள வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டச்பேடும் தெய்வமில்லை. அதற்கு அழுத்தம் வேண்டும். கடைசி ஸ்ட்ரோக்கை முடித்துவிட்டு விரல் நுனியால் தடவுகிறவருக்கு நேரம் கூடும், சில சமயம் பேட் பதிவே செய்யாமல், நேரம் எடுப்பவர் கையால் அமுக்கிய பட்டன் நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஃப்ரீஸ்டைலில் ஸ்ப்ளிட் (இடைநேரம்) என்பது டர்னில் கால் சுவரைத் தொட்ட நேரம், முடிவு என்பது கை தொட்ட நேரம். ஆகவே முதல் 50 ஸ்ப்ளிட்டை ஒருவருடைய தனி 50 மீட்டர் நேரத்தோடு வைத்துப் பார்த்து "இவ்வளவு மெதுவாவா தொடங்கினார்" என்று சந்தோஷப்பட வேண்டாம்.

முடிவுப் பட்டியல் சொல்லாத விஷயங்கள் இரண்டு. மாஸ்டர்ஸ் விதியில் பிளாக்கிலிருந்தும் கிளம்பலாம், திட்டிலிருந்தும் கிளம்பலாம், தண்ணீருக்குள் ஒரு கையால் சுவரைத் தொட்டபடியும் கிளம்பலாம். குதிப்பதற்கும் உள்ளிருந்து உதைப்பதற்கும் ஒன்றிலிருந்து இரண்டு நொடி போகும். தோள் வலிக்காகவோ கண் அறுவைக்குப் பிறகோ உள்ளிருந்து கிளம்புகிறவரின் 1:20, குதிப்பவரின் 1:18.5க்குச் சமமாக இருக்கலாம். இரண்டாவது, மாஸ்டர்ஸ் பட்டர்ஃபிளையில் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் கிக்குக்கு (தவளை உதைக்கு) அனுமதி உண்டு, ஒரு கை இழுப்புக்கு ஒரு கிக். 200 பட்டர்ஃபிளையில் இரண்டு பேருடைய நேரத்தை ஒப்பிடும் முன், அவர்கள் நீந்தியது ஒரே ஸ்ட்ரோக்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை வடிகட்டலுக்குப் பிறகு, ஒரே குளத்தில் ஒரே நாளில் நீந்திய இருவருக்கு வருவோம். இங்கேதான் ஒப்பீடு உருப்படியாகிறது. மொத்த நேரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடாமல் அதை ஐந்து துண்டாக வெட்ட வேண்டும். 50 மீட்டர் குளத்தில் 100 ஃப்ரீக்கு அந்தத் துண்டுகள்: தொடக்கத்திலிருந்து 15 மீட்டர், 15இலிருந்து 45 வரை, டர்னுக்கு முன் 5 மீட்டரும் பின் 10 மீட்டரும், அங்கிருந்து 95 வரை, கடைசி 5 மீட்டர்.

ஓர் எடுத்துக்காட்டு. கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரர் ஒருவர் 1:18.4, புதுச்சேரி லாஸ்பேட்டைக்காரர் ஒருவர் 1:16.9, இருவரும் 50-54 என்று வைத்துக்கொள்வோம். மஞ்சக்குப்பத்துக்காரருக்கு முதல் 15 மீட்டர் 9.1 நொடி, அடுத்த 30 மீட்டர் 23.6, டர்ன் பகுதி 11.9, அடுத்த 35 மீட்டர் 29.5, கடைசி 5 மீட்டர் 4.3. லாஸ்பேட்டைக்காரருக்கு அதே வரிசையில் 8.3, 23.7, 11.2, 29.4, 4.3. கழித்துப் பாருங்கள். ஒன்றரை நொடி வித்தியாசத்தில் குதிப்பில் 0.8, டர்னில் 0.7. நீந்திய 65 மீட்டரில் இருவரும் சமம். முதல் நீச்சல் பகுதியில் மஞ்சக்குப்பத்துக்காரர் ஒரு துளி வேகமும்கூட. இவர் ஊருக்குத் திரும்பி வாரத்துக்கு இன்னும் 2 கிலோமீட்டர் கூட்டி நீந்தினால் தோள்தான் வலிக்கும், இடைவெளி அப்படியே இருக்கும். மாஸ்டர்ஸ் பந்தயங்களில் இது அபூர்வமே இல்லை. வயது வந்த பிறகு நீச்சல் கற்றவர்கள் ஸ்ட்ரோக்கைச் சரிசெய்ய வருஷக்கணக்கில் உழைப்பார்கள். குதிப்பையும் டர்னையும் யாரும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

இப்படித் துண்டு போட வீடியோ வேண்டும், அதற்குப் பெரிய கேமரா தேவையில்லை. செல்போனில் நொடிக்கு 60 பிரேம் வைத்தால் ஒரு பிரேம் 0.017 நொடி, இதற்குத் தாராளம். பார்வையாளர் படிக்கட்டில் எவ்வளவு உயரம் ஏற முடியுமோ அவ்வளவு ஏறி, குளத்தின் நடுவுக்கு நேராக நில்லுங்கள். போட்டிக் குளத்து லேன் கயிற்றிலேயே அளவு இருக்கிறது: இரு முனையிலும் முதல் 5 மீட்டர் மிதவைகள் தனி நிறம், 15 மீட்டரில் ஒரு மிதவை வேறு நிறம். பேக்ஸ்ட்ரோக் கொடி சுவரிலிருந்து 5 மீட்டரில் தொங்கும். டர்ன் முடிந்து 10 மீட்டருக்குத்தான் அடையாளம் இல்லை, திட்டில் ஒரு ரிப்பன் ஒட்டிக்கொள்ள வேண்டும். தலை கோட்டைத் தாண்டும் பிரேமைக் குறியுங்கள், கையை அல்ல.

தப்பு வருவது கோணத்தில். நடுவில் நின்று பார்த்தால் 15 மீட்டர் கோடு சாய்வாகத் தெரியும். கிட்ட உள்ள லேன்காரர் பிந்துவது போலவும் தூரத்து லேன்காரர் முந்துவது போலவும் கண் ஏமாற்றும். கிட்ட உள்ள கயிற்றின் 15 மீட்டர் மிதவையையும் தூரத்துக் கயிற்றின் மிதவையையும் திரையில் ஒரு நூலால் இணைத்து, அந்த நூலைத் தலை எப்போது தாண்டுகிறது என்று பாருங்கள். திரை மேல் நூலைப் பிடிப்பது சிரிப்பாக இருக்கும், ஆனால் செயலி எதுவும் தேவைப்படாது. இன்னொன்று: வீடியோவில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். பெண்கள் ஹீட் (ஒரே தடவையில் நீந்தும் குழு) ஓடும்போது செல்போனைத் தூக்குகிறவரை வெளியே அனுப்பினால் அதில் நியாயம் உண்டு.

இடைவெளி டர்னில் இருந்தால், குற்றவாளி நாலு பேரில் ஒருவர். சுவருக்கு முந்திய கடைசி ஸ்ட்ரோக்கில் மூச்சு வாங்குவது: தலை தூக்கினால் இடுப்பு தாழும், உருளல் மெதுவாகும். சுவரை நிமிர்ந்து பார்ப்பது: அடியில் லேன் கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்பே முடிந்து குறுக்குக் கோடு போட்டிருக்கும், அதைப் பார்த்தே உருள வேண்டும். சுவருக்கு மிகக் கிட்டப் போய் மடங்கிப்போவது அல்லது எட்டவே இல்லாமல் உதைப்பது: முழங்கால் ஏறக்குறைய 90 டிகிரி மடங்கிய நிலையில் பாதம் படுவதே கணக்கு. கடைசியாக, உதைத்துவிட்டு முதல் ஸ்ட்ரோக்கிலேயே மூச்சுக்குத் திரும்புவது, நம் வயதில் எல்லாரும் செய்வது. இதை மட்டும் திருத்தினாலே டர்னுக்கு 0.2, 0.3 நொடி கிடைக்கும். பயிற்சிக்குச் சுவருக்கு 10 மீட்டர் முன்பிருந்து வேகமாக வந்து, திரும்பி, 10 மீட்டரில் நிறுத்தி, எட்டு முறை. இடையில் முழு ஓய்வு. களைப்பில் செய்தால் பழைய டர்னே பழகும்.

குதிப்பைப் பயிற்சி செய்யும் இடத்தில் ஆழம் பாருங்கள். பிளாக் இருக்கும் முனையில் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம், சுவரிலிருந்து 6 மீட்டர் வரை, வேண்டும் என்பது விதி. நெஞ்சளவு தண்ணீர் உள்ள குளத்தில் குதித்துப் பழகக் கூடாது, கழுத்தெலும்புக்கு மாற்று அட்டவணை கிடையாது. பிளாக் இல்லாத குளத்தில் மட்டும் பழகியவர் போட்டியன்று முக்கால் மீட்டர் உயரத்திலிருந்து முதல் முறையாகக் குதித்தால் கண்ணாடி கழன்று கழுத்துக்கு வரும். சென்னை வேளச்சேரி மாதிரிக் குளத்துக்குப் போகிறவர்கள் முந்திய நாளோ வார்ம்-அப்பிலோ நாலு குதிப்பாவது போட்டுப் பார்ப்பது நல்லது.

அந்தப் பயணமும் ஒப்பீட்டில் சேர்த்தி. கடலூரிலிருந்து விடிகாலை பஸ் ஏறி நாலு மணி நேரம் ஈசிஆரில் முழங்கால் மடக்கி உட்கார்ந்து வந்தவரும், ஆட்டோவில் பத்து நிமிடத்தில் வந்த சென்னைக்காரரும் ஒரே ஹீட்டில் நிற்பார்கள். அதேபோல நிகழ்ச்சி வரிசை: அரை மணிக்கு முன் 200 மெட்லி (நாலு ஸ்ட்ரோக்கும் சேர்ந்த பந்தயம்) முடித்தவரின் 100 ஃப்ரீயும், அன்றைக்கு அதை மட்டுமே நீந்தியவரின் 100 ஃப்ரீயும் ஒன்றல்ல. பட்டியலில் போட்டியாளர் பெயரை எல்லா நிகழ்ச்சியிலும் தேடிப் பாருங்கள். தண்ணீரின் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். போட்டிக் குளத்துக்கு 25 முதல் 28 டிகிரி என்பது விதி. கத்திரி வெயிலில் நம் திறந்தவெளிக் குளங்கள் 30ஐச் சாதாரணமாகத் தாண்டும். 50 மீட்டருக்கு அது தெரியாது, 400இல் நன்றாகத் தெரியும். கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடலில் எடுத்த நேரத்தை மட்டும் எந்தப் பட்டியலிலும் சேர்க்காதீர்கள். நீரோட்டம் ஒரு பக்கம் தள்ளும், உப்புத்தண்ணீர் மேலே தூக்கும்.

வேறு பிரிவு, வேறு ஸ்ட்ரோக், ஆண் பெண் என்று குறுக்கே ஒப்பிட ஒரு சூத்திரம் இருக்கிறது. வேர்ல்ட் அக்வாட்டிக்ஸ் புள்ளி முறையில், அடிப்படை நேரத்தை உங்கள் நேரத்தால் வகுத்து, கிடைப்பதன் கனத்தை (அதை மூன்று தடவை எழுதிப் பெருக்கினால் வருவது) ஆயிரத்தால் பெருக்க வேண்டும். அடிப்படை 60 நொடி, உங்கள் நேரம் 75 என்றால் 0.8 இன் கனம் 0.512, ஆக 512 புள்ளி. 72க்கு இறக்கினால் 578 (தசமத்தை வெட்டிவிடுவார்கள்). மூன்று நொடிக்கு 66 புள்ளி. அடிப்படையாக உங்கள் பிரிவின் உலகச் சாதனையை வைத்தால், 52 வயது ஃப்ரீஸ்டைல்காரரும் 66 வயது பிரெஸ்ட் ஸ்ட்ரோக் அம்மாவும் ஒரே தராசில் ஏறலாம். பெண்களில் மேல் பிரிவுகளுக்கு இது ரொம்பவே தேவை. பெயர் கொடுத்தவரே ஒருவர் என்றால் தங்கம் நிச்சயம், ஆனால் நீந்தியது எப்படி என்று தெரியாது. ஒரு எச்சரிக்கை: மிக மூத்த பிரிவுகளில் நீந்துகிறவர்கள் குறைவு என்பதால் சில சாதனைகள் அவ்வளவு இறுக்கமானவை அல்ல, புள்ளி தாராளமாக விழும்.

உங்களோடு உங்களையே ஒப்பிடும்போது வயதின் பங்கைக் கழியுங்கள். எழுபது வரை நேரம் சீராகக் கூடிக்கொண்டு போகும், அதற்குப் பிறகு ஏற்றம் செங்குத்து. ஐந்து வருஷத்துக்கு முன் எடுத்த 1:18ஐ இன்றும் எடுக்கிறவர் தேங்கிவிடவில்லை, முன்னேறியிருக்கிறார். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை தொடங்கியிருந்தால் இதயத் துடிப்பு முன்போல் ஏறாது, நேரமும் கூடும். அதற்காகப் போட்டி நாளில் மாத்திரையை நிறுத்துகிற வேலை வேண்டாம். டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகமோ எக்செல்லோ, பத்திகள் இவைதான்: தேதி, குளத்தின் அளந்த நீளம், டச்பேடா கையா, பிளாக்கா திட்டா உள்ளிருந்தா, தண்ணீர் சூடு, அன்றைக்கு எத்தனையாவது பந்தயம், ஸ்ப்ளிட், முழு நேரம். போட்டியாளருக்கும் இதே பத்திகள், தெரிந்தவரை. தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகத்தால் நிரப்பாதீர்கள். மூன்று கட்டத்துக்கு மேல் காலியாக இருக்கும் வரியோடு உங்கள் வரியை ஒப்பிட வேண்டாம்.

நுழைவு நேரத்தையும் இந்த நோட்டிலிருந்தே எடுத்து எழுதுங்கள். ஹீட் பிரிப்பது அதை வைத்துத்தான், மெதுவானவர்கள் முதலில். கௌரவத்துக்காக ஐந்து நொடி குறைத்து எழுதினால் வேகமானவர்களின் அலையில் தண்ணீர் குடிப்பீர்கள். பயந்துகொண்டு கூட்டி எழுதினால் முதல் ஹீட்டில் ஆளில்லாத் தண்ணீரில் தனியாக நீந்துவீர்கள், லாஸ்பேட்டைக்காரர் மூன்று ஹீட் கழித்துப் பக்கத்தில் துணையோடு நீந்துவார். நேரம் எழுதாமல் விட்டாலும் முதல் ஹீட்தான்.